பழைய முகவரிக்கு இன்னும் ஆட்கள் வருகினம்

போன வருடம் இரண்டாம் செமஸ்டரின் கடைசிக் கிழமை. எங்கட பட்ச்சுக்கு ஒரு அசைன்மன்ட் இருந்தது. சனிக்கிழமை நள்ளிரவுக்கு முதல் அப்லோட் பண்ண வேண்டும். கம்பஸின் கற்றல் தளத்தைப் புதுச் சேர்வருக்கு மாற்றுகிறார்கள், வெள்ளி பின்னேரத்தோட வேலை முடிஞ்சிடும் எண்டு ஒரு அறிவித்தல் வந்திருந்தது. நாங்கள் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. சனி இரவு எல்லாரும் அப்லோட் பண்ணினோம். எல்லாருடைய ஸ்கிரீனிலும் 'சமர்ப்பிக்கப்பட்டது' என்று வந்தது. படுத்துவிட்டோம்.

திங்கட்கிழமை பார்த்தால் ஏழு பேருடைய கட்டுரைகள் இல்லை. "சிஸ்டத்தில இல்லை எண்டால் நீங்கள் போடேல்ல எண்டுதான் அர்த்தம்" என்று சொல்லிவிட்டார்கள். ஸ்கிரீன்ஷொட் எடுத்து வைத்திருந்த மூன்று பேருடையதை ஏற்றுக்கொண்டார்கள். மற்ற நாலு பேரும் பிந்திச் சமர்ப்பித்ததாகக் கணக்கெடுத்து புள்ளி குறைத்தார்கள். அந்த நாலு பேரில் ஒருத்தி ஊரில் இருந்துகொண்டு, போனின் டேட்டாவில், இரவு பதினொரு மணிக்கு அப்லோட் பண்ணினவள். பொய் சொல்கிறாள் என்று நேரடியாக யாரும் சொல்லவில்லை. ஆனால் நம்பவும் இல்லை.

அவள் பொய் சொல்லவில்லை என்பதை விளங்கிக்கொள்ள எங்களுக்குக் கொஞ்ச நாள் எடுத்தது. நாங்கள் கலைப்பீடம், கொம்பியூட்டர் படிக்கிற ஆட்கள் இல்லை. ஆனால் ஒரு விசயம் ஏன் இப்பிடி ஆனது என்று பின்னோக்கிப் போய்ப் பார்க்கிறதுதான் வரலாறு படிக்கிறவர்களின் வேலை. அப்படிப் போனபோது எங்கட ஏழு கட்டுரைகளின் கதை ஐம்பது வருடப் பழைய கதை ஒன்றின் சின்ன வால் என்று தெரிந்தது. அந்தக் கதையைத்தான் இங்கே எழுதுகிறோம்.

பெயரும் இலக்கமும்

முதலில் நடந்தது என்ன என்று சொல்லிவிடுகிறோம். இணையத்தில் ஒவ்வொரு சேர்வருக்கும் ஒரு இலக்கம் உண்டு. நாங்கள் தட்டுவது பெயரை. பெயரைக் கொடுத்தால் இலக்கத்தைச் சொல்கிற ஏற்பாட்டுக்குத்தான் டிஎன்எஸ் என்று பெயர். அந்தப் பதிலைச் சொல்கிற இயந்திரங்கள் நேம் சேர்வர்கள்.

ஆனால் ஒவ்வொரு தடவையும் மூலத்துக்குப் போய்க் கேட்பதில்லை. எங்களுக்கு இணைப்புத் தருகிற கம்பனி ஒரு தடவை கேட்டு, பதிலைக் கொஞ்ச நேரம் நினைவில் வைத்திருக்கும். எவ்வளவு நேரம் என்பதையும் அந்தப் பதிலே சொல்லும். 86,400 செக்கன் என்றிருந்தால் ஒரு முழு நாள். அந்த ஒரு நாளுக்குள் மூலத்தில் இலக்கம் மாறினாலும், கேட்கிறவர்களுக்குப் பழைய இலக்கமே கிடைக்கும்.

இதுதான் எங்களுக்கு நடந்தது. வெள்ளி பின்னேரம் இலக்கத்தை மாற்றினார்கள். கம்பஸ் வைஃபையில் இருந்தவர்கள் புதுச் சேர்வருக்குப் போனார்கள். வேறு இணைப்பில் இருந்த சிலர் இன்னும் பழையதற்கே போனார்கள். பழைய சேர்வரை யாரும் நிறுத்தவில்லை, 'இங்கே வேண்டாம், அங்கே போ' என்று சொல்லவும் வைக்கவில்லை. அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. ஏழு கட்டுரைகளை வாங்கி, 'சமர்ப்பிக்கப்பட்டது' என்று பதிலும் சொன்னது. திங்கள் காலை அதை அழித்துவிட்டார்கள்.

ஒரு தொலைபேசி, ஒரு பட்டியல்

1970களில், இணையத்துக்கு முந்திய ஆர்பாநெற் காலத்தில், இந்தப் பெயர்களுக்கெல்லாம் ஒரே ஒரு பட்டியல்தான் இருந்தது. 'ஹோஸ்ட்ஸ் டொட் ரெக்ஸ்ட்' என்ற ஒரு ஃபைல். கலிபோர்னியாவின் மென்லோ பார்க்கில் இருந்த எஸ்ஆர்ஐ என்ற ஆய்வு நிறுவனத்தின் தகவல் மையம் அதை வைத்திருந்தது. அந்த மையத்தை 1972 முதல் 1989 வரை நடத்தியவர் எலிசபெத் ஃபைன்லர் என்ற பெண். எல்லாரும் அவரை 'ஜேக்' என்று கூப்பிடுவார்கள்.

புதுசாக ஒரு கொம்பியூட்டரை வலையில் இணைக்கிறவர் அந்த மையத்தைத் தொடர்புகொள்ள வேண்டும், அதுவும் அலுவலக நேரத்தில். மையத்தில் இருப்பவர்கள் அந்தப் பெயர் ஏற்கெனவே இருக்கிறதா என்று பார்த்துப் பட்டியலில் சேர்ப்பார்கள். பிறகு எல்லா இடத்தில் இருப்பவர்களும் அந்த ஃபைலை எடுத்துத் தங்கள் இயந்திரத்தில் போட்டுக்கொள்வார்கள். முழு வலையின் முகவரிப் புத்தகமும் ஒரு அலுவலகத்தின் கையில். எங்கட ஊர்களில் தபால்கந்தோரில் இருக்கிறவருக்கு எல்லார் வீடும் தெரியும் தானே, கிட்டத்தட்ட அப்பிடித்தான்.

இணையத்தின் வரலாற்றை எழுதுகிறவர்கள் புரொட்டோக்கோல் எழுதியவர்களின் பெயர்களை முதலில் சொல்வார்கள். பட்டியல் வைத்தவர்கள், போனுக்குப் பதில் சொன்னவர்கள் பிறகுதான் வருவார்கள், வந்தால். ஆனால் யாருடைய கொம்பியூட்டர் எங்கே இருக்கிறது என்ற அறிவு அவர்களிடம்தான் இருந்தது.

வலை வளர வளர அந்தப் பட்டியல் தாங்கவில்லை. ஃபைல் பெருத்தது, மாற்றங்கள் கூடின, எல்லாரும் அதை ஒரே இடத்தில் இருந்து எடுப்பதே ஒரு சுமையானது. 1983 நவம்பரில், தென் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் தகவல் விஞ்ஞான நிறுவனத்தில் வேலை செய்த போல் மொக்காபெட்ரிஸ் டிஎன்எஸ் என்ற புது ஏற்பாட்டை இரண்டு ஆவணங்களில் எழுதி வெளியிட்டார். அவற்றின் இலக்கங்கள் ஆர்எஃப்சி 882, 883. ஒரே பட்டியலுக்குப் பதிலாக, ஒவ்வொருவரும் தங்கள் பகுதியின் பெயர்களைத் தாங்களே வைத்திருப்பது. மேலே இருக்கிற ரூட் சேர்வருக்கு எல்லாம் தெரியத் தேவையில்லை. எந்தப் பகுதி யாரிடம் இருக்கிறது என்று மட்டும் தெரிந்தால் போதும். 1990 முதல் இருக்கிற எங்கட 'டொட் எல்கே'யும், 2010இல் அனுமதி கிடைத்த 'டொட் இலங்கை'யும் இன்றைக்கும் அப்பிடித்தான் கண்டுபிடிக்கப்படுகின்றன.

தற்காலிகம்

இந்த இடத்தில்தான் எங்களுக்கு ஆர்வம் கூடியது. பட்டியலில் இருந்து டிஎன்எஸ்ஸுக்கு எப்படி மாறினார்கள்? ஒரே இரவிலா?

இல்லை. 1984 பெப்ரவரியில் ஜோன் போஸ்டல் ஒரு கால அட்டவணை போட்டார். அதே வருடம் ஒக்டோபரில் அதைத் திருத்தி இன்னொன்று போட வேண்டியிருந்தது. அட்டவணை போட்டபடி ஆட்கள் மாறவில்லை என்பதற்கு இதைவிட நல்ல சான்று தேவையில்லை. முதல் படியாக, இருக்கிற எல்லாப் பெயர்களுக்கும் பின்னால் 'டொட் ஆர்பா' என்று ஒரு ஒட்டுப் போட்டார்கள். பழைய பெயர்களுக்குப் புது ஒழுங்கில் ஒரு தற்காலிக இருப்பிடம். ஆட்கள் மெல்ல மெல்ல 'டொட் ஈடியு', 'டொட் கொம்' என்று தங்கள் நிரந்தர வீட்டுக்குப் போய்விடுவார்கள், ஆர்பா காலியாகிவிடும் என்பது திட்டம். அந்தத் தற்காலிக வீடு இன்றைக்கும் இருக்கிறது. இலக்கத்தைக் கொடுத்துப் பெயரைக் கேட்கிற வேலை முழுக்க அதற்குள்தான் நடக்கிறது.

பழைய பட்டியலும் உடனே போகவில்லை. பல வருடங்கள் டிஎன்எஸ் ஒரு பக்கம், பட்டியல் ஒரு பக்கம் என்று இரண்டும் சேர்ந்தே ஓடின. மையத்தில் இருந்தவர்களுக்கு அது இரட்டை வேலை. உங்கட லப்டொப்பில் தேடிப் பாருங்கள், 'ஹோஸ்ட்ஸ்' என்ற பெயரில் ஒரு சின்ன ஃபைல் இன்னும் இருக்கும். ஃபைன்லர் காலத்துப் பட்டியலின் எச்சம் அது. நாற்பது வருடத்துக்குப் பிறகும் யாரும் அதை முழுதாகத் தூக்கிவிடவில்லை.

மாற்றத்தை ஒரு நாளாக நினைக்கிறோம்: வெள்ளி பின்னேரம், முடிஞ்சுது. ஆவணங்களில் தெரிகிற மாற்றமோ வருடக்கணக்கான காலம். அந்தக் காலத்தில் இரண்டு வீட்டிலும் விளக்கு எரியவேண்டும். அதற்கு எண்ணெய் ஊற்றுகிறவர் ஒருவர் வேண்டும்.

1991 ஒக்டோபர் 1

எங்கட கதைக்கு மிகக் கிட்டின வரலாற்றுச் சம்பவம் இதுதான். அந்தத் தகவல் மையம் அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் ஒப்பந்தத்தில் நடந்தது. ஏறத்தாழ இருபது வருடங்களாக எஸ்ஆர்ஐயிடம் இருந்த அந்த வேலை, 1991இல் வேறு கைக்குப் போனது. ஒப்பந்தத்தை எடுத்தது கவன்மென்ட் சிஸ்டம்ஸ் என்ற கம்பனி. அதன் கீழ் வேலையைச் செய்தது நெட்வேர்க் சொல்யூஷன்ஸ் என்ற சின்னக் கம்பனி. மையம் கலிபோர்னியாவில் இருந்து நாட்டின் அடுத்த கரையில், வேர்ஜீனியாவின் ஷன்டிலிக்குப் போகவேண்டும். அந்த வருடம் செப்டம்பரில் ஆர்எஃப்சி 1261 என்ற இலக்கத்தில் ஒரு சின்ன அறிவித்தல் வெளியானது. தலைப்பும் நேராகத்தான் இருக்கும்: தகவல் மையச் சேவைகளின் மாற்றம். மாறும் திகதி ஒக்டோபர் 1.

கைமாறியவை சாதாரணமானவை இல்லை. டொமைன் பெயர்களைப் பதிகிற வேலை, ஆவணங்களைப் பாதுகாக்கிற வேலை, உதவி கேட்டு வருகிற போன்களுக்குப் பதில் சொல்கிற வேலை, இவற்றோடு ஒரு ரூட் சேர்வர். அந்தக் காலத்தில் உலகம் முழுக்க இருந்த ரூட் சேர்வர்கள் பத்துக்கும் குறைவு. அமெரிக்காவுக்கு வெளியே முதலாவது ரூட் சேர்வர் சுவீடனின் ஸ்டொக்ஹோமில் வந்ததே அதே 1991இல்தான்.

ரூட் சேர்வரின் முகவரியை மாற்றுவதில் ஒரு தனிச் சிக்கல் இருக்கிறது. மற்ற எந்தச் சேர்வரின் முகவரி மாறினாலும் டிஎன்எஸ்ஸிடம் கேட்கலாம். ஆனால் டிஎன்எஸ்ஸில் முதல் கேள்வியையே ரூட் சேர்வரிடம்தான் கேட்கவேண்டும். அதன் முகவரியை யாரிடம் கேட்பது? தபால்கந்தோர் இடம் மாறினதைத் தபாலில் அறிவிக்கிற மாதிரி. அதனால் ரூட் சேர்வர்களின் இலக்கங்கள் ஒரு சின்ன ஃபைலாக ஒவ்வொரு நேம் சேர்வருக்குள்ளும் முன்கூட்டியே எழுதப்பட்டிருக்கும். ரூட்டின் இலக்கம் ஒன்று மாறினால், உலகத்தில் நேம் சேர்வர் நடத்துகிற ஒவ்வொருவரும் அந்த ஃபைலைப் புதுசாக்க வேண்டும். எல்லாரும் செய்வார்களா? ஆர்எஃப்சியை எல்லாரும் வாசிப்பார்களா? எங்கட கம்பஸ் அறிவித்தலை நாங்கள் வாசித்த மாதிரித்தான்.

அப்படி இருந்தும் இணையம் நிற்கவில்லை. இரண்டு காரணங்கள். ஒன்று, மாறியது பலவற்றில் ஒரு ரூட் சேர்வர். மற்றவை அந்தந்த இடத்தில் அந்தந்த ஆட்களின் கையில் இருந்தன. கேட்கிற நேம் சேர்வர் ஒன்றில் பதில் கிடைக்காவிட்டால் அடுத்ததைக் கேட்கும். இரண்டாவது, ஏதாவது ஒரு ரூட் சேர்வரைப் பிடித்துவிட்டால், இப்போதைய முழுப் பட்டியலையும் அதனிடமே வாங்கிக்கொள்ளலாம். பழைய ஃபைலில் ஒரு இலக்கம் பிழைத்தாலும் மற்றது வழி காட்டும்.

அந்த மாற்றத்தோடு வந்த புது இலக்கம் 192.112.36.4. பட்டியலில் இன்றைக்கு 'ஜி' என்ற எழுத்தைக் கொண்ட ரூட் சேர்வரின் இலக்கமும் அதுதான். அமெரிக்கப் பாதுகாப்புத் துறைதான் நடத்துகிறது. முப்பது வருடத்துக்கு மேல் அந்த இலக்கம் மாறவில்லை. ஒரு தடவை மாறி அதன் கஷ்டம் தெரிந்ததாலோ என்னவோ என்று நாங்கள் எங்களுக்குள் பகிடியாகக் கதைத்துக்கொண்டோம்.

போகாத விருந்தாளிகள்

எல்லா ரூட் சேர்வர்களும் அப்படி அசையாமல் இருக்கவில்லை. 2002 நவம்பரில் 'ஜே' ரூட் சேர்வரின் இலக்கம் மாறியது. அதுவரை 'ஏ', 'ஜே' இரண்டும் ஒரே இலக்கக் கூட்டத்துக்குள், பக்கத்துப் பக்கத்து வீடுகள் மாதிரி இருந்தன. ஒன்றுக்கு வருகிற ஆபத்து மற்றதற்கும் வரக்கூடாது என்றால் பிரித்து வைக்கத்தான் வேண்டும். நியாயமான காரணம்.

அதை நடத்துகிற வெரிசைன் கம்பனி பழைய இலக்கத்தைக் கைவிடவில்லை. பதின்மூன்று வருடத்துக்குப் பிறகு, 2015இல், அந்தக் கம்பனியின் ஆய்வாளர்கள் பழைய இலக்கத்துக்கு யார் வருகிறார்கள் என்று பார்த்தார்கள். கேள்விகள் இன்னும் வந்துகொண்டிருந்தன. எங்கேயோ யாரோ பதின்மூன்று வருடத்துக்கு முந்திய ஃபைலோடு ஒரு சேர்வரை நடத்திக்கொண்டிருந்தார்கள். அதை அமைத்தவர் வேலையை விட்டே போயிருப்பார். இயந்திரத்துக்கு அது தெரியாது.

கைவிட்டால் என்ன நடக்கும் என்பதற்கு அடுத்த உதாரணம் 'எல்' ரூட் சேர்வர். அதை நடத்துவது ஐகான், இணையப் பெயர்களை ஒருங்கிணைக்கிற அமைப்பு. 2007 நவம்பர் 1இல் அதன் இலக்கம் மாறியது. பழைய இலக்கத்திலும் ஆறு மாதம் பதில் சொல்லுவோம் என்று சொல்லி, சொன்னபடி 2008 மே மாதத் தொடக்கம் வரை செய்தார்கள். நிறுத்தின பிறகும் பழைய இலக்கத்தில் இருந்து பதில் வந்துகொண்டிருந்தது. சொன்னது அவர்கள் இல்லை! வேறு சில ஆட்கள் அந்த இலக்கம் தங்களிடம் இருப்பதாக இணையத்துக்கு அறிவித்து, ரூட் சேர்வர் போலவே ஒன்றை நடத்திக்கொண்டிருந்தார்கள். நல்லகாலம், அவர்கள் சொன்ன பதில்கள் சரியானவை. ஆனால் சரியாகத்தான் சொல்லவேண்டும் என்று அவர்களைக் கட்டாயப்படுத்த எதுவும் இருக்கவில்லை. பிழையான பதில் சொல்லியிருந்தால், அங்கே போய்க் கேட்டவர் வங்கிக்கு என்று நினைத்து வேறு எங்கேயும் போயிருக்கலாம். பிறகு அந்தப் பொய்ச் சேர்வர்கள் நிறுத்தப்பட்டன.

இதை வாசித்தபோது எங்கட ஏழு பேரின் விசயம் வேறு மாதிரித் தெரிந்தது. பழையதை நிறுத்தாமல் விட்டது மட்டும் போதாது. விட்ட இடத்தில் பொறுப்பான ஒரு ஆள் இருக்கவேண்டும். எங்கட பழைய சேர்வர் விளக்கு எரிகிற, ஆள் இல்லாத வீடு. கதவைத் தட்டினவர்களை உள்ளே விட்டு, கொண்டுவந்ததை வாங்கி வைத்தது. வீட்டோடு சேர்த்து அதையும் இடித்துவிட்டார்கள்.

அலாரம் அடித்தால்

1991இல் வேலையைப் பொறுப்பெடுத்த நெட்வேர்க் சொல்யூஷன்ஸ் பிறகு பெரிய கம்பனியானது. 'டொட் கொம்', 'டொட் நெற்' பெயர்கள் முழுக்க அதன் கையில். 1997 ஜூலை 17 அதிகாலை, அந்தப் பெயர்களின் புதுப் பட்டியல் பழுதாக உருவானது. சரிபார்க்கிற புரோகிராம் எச்சரிக்கை கொடுத்தது. இரவு வேலையில் இருந்தவர் அதைப் பொருட்படுத்தாமல் பட்டியலை வெளியே விட்டுவிட்டார். சில மணித்தியாலத்தில் திருத்தினார்கள். ஆனால் பழுதான பட்டியலைப் பிரதி எடுத்துவிட்ட சேர்வர்களில் இருந்து அது போய்முடிய இன்னும் நேரம் எடுத்தது. காலையில் எழும்பின ஆட்களுக்குத் தளங்களும் இல்லை, ஈமெயிலும் இல்லை.

இருபது வருடத்துக்குப் பிறகு, இதற்கு நேர்மாறான ஒரு சம்பவம். ரூட் சேர்வர் தருகிற பதில் உண்மையானதுதானா என்று சரிபார்க்க 2010 முதல் ஒரு மின்கையெழுத்து இருக்கிறது. அந்தக் கையெழுத்தின் மூலச் சாவியை முதல் தடவையாக மாற்ற ஐகான் 2017 ஒக்டோபர் 11 என்று நாள் குறித்தது. வருடக்கணக்காகத் தயார்படுத்தினார்கள், உலகம் முழுக்க அறிவித்தார்கள். நாளுக்கு இரண்டு கிழமைக்கு முன், சில நேம் சேர்வர்களிடம் இன்னும் பழைய சாவி மட்டுமே இருப்பதாகத் தரவுகள் காட்டின. எல்லாச் சேர்வர்களும் இல்லை, ஒரு சின்னப் பகுதிதான். ஆனால் அவற்றுக்குப் பின்னால் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று யாருக்கும் தெரியாது. செப்டம்பர் 27இல் மாற்றத்தைத் தள்ளிப்போட்டார்கள். ஒரு முழு வருடம் காத்திருந்து, தேடி, விளங்கப்படுத்தி, 2018 ஒக்டோபர் 11இல் மாற்றினார்கள். பெரிய பிரச்சினை ஒன்றும் வரவில்லை. பழைய சாவியை இரத்துச் செய்தது அதற்கும் பிறகு, 2019 ஜனவரியில்.

எங்களுக்கு இந்த இரண்டாவது சம்பவம்தான் பெரிதாகப்பட்டது. உலக அளவில் அறிவித்துவிட்ட ஒரு நாளைத் தள்ளிப்போடுவது லேசு இல்லை. வெட்கம் இருக்கும், செலவு இருக்கும். 'நாங்கள் அறிவிச்சிட்டம், மாறாதவையின்ர பிழை அது' என்று சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். பெரும்பாலான அலுவலகங்கள் அப்படித்தான் சொல்லும். அவர்கள் அப்படிச் சொல்லவில்லை.

விட்டுக்கொடுக்கிறவரும் வேண்டும்

இன்னும் ஒரு கைமாற்றத்தையும் சொல்லவேண்டும். 'டொட் ஓர்க்' பெயர்கள் 2002 முடிவு வரை வெரிசைன் கம்பனியிடம் இருந்தன. 2003 ஜனவரி 1இல் பொறுப்பு, இன்ரநெற் சொசைட்டி உருவாக்கிய பொதுநல அமைப்பு ஒன்றின் கைக்குப் போனது. சுமார் 26 இலட்சம் பெயர்கள். தொண்டு நிறுவனங்கள், ஊர்ச் சங்கங்கள், நூலகங்கள் என்று எத்தனையோ பேரின் வீடு அது. ஆனால் ஜனவரி 1இல் இயந்திரங்கள் மாறவில்லை. பொறுப்பு மாறிய பிறகும் பழைய கம்பனியே சில கிழமை இயந்திரங்களை நடத்தியது. ஜனவரி 25இல்தான் புதுத் தொழில்நுட்பக் கம்பனி வேலையை எடுத்தது. ஒப்பந்தத்தை இழந்த கம்பனி, எடுத்த கம்பனிக்கு இடைவெளி கொடுத்து உதவவேண்டியிருந்தது. கைமாற்றத்தில் வாங்குகிறவரைப் பற்றித்தான் எல்லாரும் கதைப்போம். விடுகிறவர் சரியாக விடாவிட்டால் வாங்குகிறவரால் ஒன்றும் செய்ய ஏலாது.

சேர்வர்களை எங்கே வைப்பது என்பதும் இதே மாதிரியான விசயம். ஒரு டொமைனுக்கு இரண்டு நேம் சேர்வராவது வேண்டும் என்பது ஆரம்பத்தில் இருந்தே விதி. 1997 ஜூலையில், மேலே சொன்ன பழுது நடந்த அதே மாதத்தில், ஆர்எஃப்சி 2182 வெளியானது. இரண்டு சேர்வரையும் ஒரே கட்டடத்தில் வைக்காதே, வேறு வேறு ஊரில், வேறு வேறு இணைப்பில் வை என்று அது சொன்னது. 2001 ஜனவரியில் மைக்ரோசொஃப்ட் கம்பனியின் தளங்கள் ஏறத்தாழ ஒரு நாள் முழுக்கக் காணாமல் போயின. அவர்களிடம் நேம் சேர்வர் நாலு இருந்தது. நாலும் ஒரே வலைப்பகுதியில் இருந்தன. அதற்கு முன்னால் இருந்த ரவுட்டரில் ஒருவர் செய்த ஒரு மாற்றம் நாலையும் சேர்த்து மறைத்துவிட்டது.

எங்கட கம்பஸுக்கு வருவோம்

இவ்வளவையும் வாசித்துவிட்டு, சேர்வர்களைப் பார்க்கிற அண்ணாவிடம் போனோம். சண்டை பிடிக்கிற எண்ணத்தோடுதான் போனோம் என்பதை ஒத்துக்கொள்கிறோம். "புதுசு நல்லா ஓடுது தானே?" என்றுதான் அவர் முதலில் கேட்டார். பிறகு நாங்கள் 86,400 செக்கன் கதையைச் சொன்னதும் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார்.

"பழசை ரெண்டு கிழமை வைச்சிருக்கத்தான் நான் கேட்டனான். இயந்திரம் வேற வேலைக்கு வேணும் எண்டு சொல்லிச்சினம். அந்த நேரத்தைக் குறைச்சு வைக்கிறதுக்கு முதல் நாளே செய்திருக்க வேணும், எனக்கு அண்டைக்குத்தான் திகதியே சொன்னவை" என்றார். மூன்று பீடங்களுக்கும் அவர் ஒருவர்தான். சண்டை பிடிக்க எங்களுக்கு மனம் வரவில்லை.

எலிசபெத் ஃபைன்லர் பிறகு தன் மையத்தின் காகிதங்களைப் பெட்டி பெட்டியாகக் கலிபோர்னியாவில் உள்ள கணினி வரலாற்று அருங்காட்சியகத்துக்குக் கொடுத்தார். தானே அங்கே தொண்டராக இருந்து அவற்றை ஒழுங்குபடுத்தினார். அந்தக் காகிதங்களால்தான் பட்டியல் வைத்தவர்களைப் பற்றி இன்றைக்கு எழுத முடிகிறது. எங்கட அண்ணா 'ரெண்டு கிழமை வேணும்' என்று கேட்டது எந்தக் காகிதத்திலும் இல்லை. அதனால்தான் இங்கே எழுதி வைக்கிறோம்.

அவரோடு சேர்ந்து நிர்வாகத்துக்கு ஒரு கடிதம் எழுதினோம். மூன்று விசயம் கேட்டோம். எந்தச் சேவையையும் மாற்றுவதற்கு ஒரு கிழமைக்கு முதலே அந்த நினைவு நேரத்தைச் சில நிமிடமாகக் குறைக்கவேண்டும். பழைய சேர்வர் ஒரு மாதத்துக்கு எதையும் வாங்காமல், புது இடத்தைச் சொல்கிற ஒரு பக்கத்தை மட்டும் காட்டவேண்டும். மாற்றுகிற கிழமையில் எந்தச் சமர்ப்பிப்புத் திகதியும் வைக்கக்கூடாது. முதல் இரண்டுக்கும் ஓம் என்றார்கள். மூன்றாவதைப் பரிசீலிப்பதாகச் சொன்னார்கள். நாலு பேரின் புள்ளிகள் திரும்பி வரவில்லை.

இந்த வருடம் நூலகத்தின் தேடல் பக்கம் புது இடத்துக்குப் போனது. பழைய இடத்தில் அண்ணா ஒரே ஒரு வரி எழுதி வைத்தார், கீழே புது முகவரி. ஒரு மாதம் முடிகிற அன்று, அதை நிறுத்த முதல், கடைசியாக எத்தனை பேர் வந்தவை என்று அவரிடம் கேட்டோம். பார்த்துவிட்டுச் சொன்னார்: "இண்டைக்கும் நாலு பேர்."

இன்னும் ஒரு கிழமை விட்டு வைத்திருக்கிறார்.